திண்டுக்கல் வட்டாரத்தில் வயது வந்தோர் இறையறிவு

திண்டுக்கல்லில் அமெரிக்கன் மதுரை மிஷன் 1835-இல் தன் நிலையத்தைத் தொடங்கியது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதன் சபைகள் அதில் இணைந்தன. இன்று அவை மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்தைச் சேர்ந்தவை.

இச்சபைகளில் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி உண்டு. திடப்படுத்தல் முடிந்த பெரியவர்களோ பெரும்பாலும் பிரசங்கம் கேட்பதோடு நின்றுவிடுகிறார்கள். இந்தக் குறையை உண்மையாகவே எதிர்கொண்ட இடம், திண்டுக்கல்லிலிருந்து ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தள்ளி, மதுரை அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரி. தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் சபைகளும் சேர்ந்து 1969-இல் அமைத்த இக்கல்லூரி, குருத்துவ மாணவர்களைக் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்து படிக்கச் சொன்னது. சபையாருக்கும் இறையியல் கற்பித்தது.

அங்கே பேராசிரியராக இருந்த, 'பரட்டை' என்ற பெயரில் அறியப்பட்ட தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் வழிபாட்டுப் பாடல்களை இயற்றினார். சேர்ந்து சமைத்துச் சேர்ந்து உண்ணும் 'ஒரு உலை' வாழ்வை அவர் இறையியலின் மையத்தில் வைத்தார். இதனால் எழுத்தறியாத தலித் பெண்களும் பாடியபடியே இறையியல் பேச முடிந்தது. வயது வந்தோர் கல்விக்கு இதைவிடத் துணிவான முயற்சி தமிழ்த் திருச்சபையில் அரிது.

திண்டுக்கல் சமவெளியில் இன்னொரு தடம் உண்டு: அமெரிக்க மிஷனரி ரால்ஃப் கெய்த்தான். விடுதலைப் போராட்டத்துக்கு ஆதரவாக நின்றதால் ஆங்கில அரசால் வெளியேற்றப்பட்ட அவர், திரும்பி வந்து திண்டுக்கல் அருகே கிராம நிர்மாணப் பணி நடந்த காந்திகிராமத்தில் பணியாற்றினார். வேதமும் கிராம நிர்மாணமும் அவருக்கு ஒரே பாடம்.