பெயர் வெட்டிய பாத்திரம்: செட்டிநாட்டு வீடுகளில் பரிசு எங்கிருந்து வந்தது?



முகூர்த்த மாதங்களில் நம் லிஃப்டில் ஒரே மாதிரி அட்டைப்பெட்டிகள் ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சுவர்க்கடிகாரம், கண்ணாடி டம்ளர், டின்னர் செட். வாங்கியவர் பலர் அதைப் பிரிப்பதே இல்லை. லாஃப்டில் ஏற்றிவிட்டு, அடுத்த கிரகப்பிரவேசத்துக்கு வேறொருவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஒரே கடிகாரம் மூன்று பிளாக்கையும் சுற்றி வந்தாலும் ஆச்சரியமில்லை!

நாம் குடியிருக்கும் இதே ஊரில் ஒரு காலத்தில் பரிசுப்பொருளைக் கடைசி நேரத்தில் தேடுவதில்லை. அது ஏற்கெனவே வீட்டில் இருக்கும். நகரத்தார் வீடுகளில் பெண்குழந்தை பிறந்ததுமே தாய் சாமான் சேர்க்கத் தொடங்கிவிடுவார். ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய ஆண்கள் ஊர் திரும்பும்போது பெட்டி பெட்டியாகப் பொருள் வரும். ஸ்வீடன், செக்கோஸ்லோவாகியா, ஜப்பான் நாட்டு எனாமல் பாத்திரங்கள், பர்மாவின் அரக்குப் பூச்சுப் பெட்டிகள், பீங்கான் ஜாடிகள் என்று சேரும். உள்ளூர்ப் பித்தளையும் வெண்கலமும் தனி. வளவைச் சுற்றியுள்ள அறைகளில் பல, ஆள் படுப்பதைவிடச் சாமான் அடுக்கவே அதிகம் பயன்பட்டன. அந்த வீடுகள் ஏன் அவ்வளவு பெரியவை என்று கேட்பவர்களுக்கு இதுவும் ஒரு பதில்.

கல்யாணத்தின்போது இந்தச் சாமான்களைப் பரப்பிவைப்பார்கள். வந்தவர்கள் பார்ப்பார்கள், எண்ணுவார்கள், பேசவும் செய்வார்கள். ஆடம்பரம் என்று இதைக் கண்டித்தவர்கள் அன்றும் உண்டு, நியாயமான கண்டிப்புதான். சாமான் சேர்க்க வசதியில்லாத வீடுகளில் இது பெரும் பாரமாக இருந்தது. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கொடுத்த ஒவ்வொன்றும் கணக்கில் எழுதப்பட்டது. பாத்திரத்தின் மேல் கொடுத்த வீட்டின் விலாச எழுத்துகள் புள்ளி வைத்து வெட்டப்பட்டன. சிலவற்றில் பெண்ணின் பெயரும் இருக்கும். அந்த எழுத்தை அழகுக்காக வெட்டவில்லை. இந்தப் பொருள் இந்தப் பெண்ணுக்கு உரியது, புகுந்த வீட்டின் பொதுச்சொத்தில் சேராது என்பதற்கு அதுவே சாட்சி.

கல்யாணமான தம்பதியைத் தனிப் ‘புள்ளி’யாகக் கணக்கிடுவது நகரத்தார் வழக்கம். கொஞ்ச காலம் கழித்து ‘வேறு வைப்பார்கள்’. அதே வீட்டுக்குள்ளேயே தனி அடுப்பு, தனிச் சமையல். பிறந்த வீட்டுப் பாத்திரங்கள் அப்போது உபயோகத்துக்கு வரும். பொங்கல், தீபாவளி, பிள்ளைப்பேறு என்று பிறந்த வீட்டுச் சீர் அதற்குப் பிறகும் தொடரும். நகரத்தார் பெண்களின் உறவுமுறை, சொத்துரிமை பற்றி ஜப்பானிய மானிடவியலாளர் யூகோ நிஷிமுரா எழுதிய ஆங்கில நூல் 1998-இல் வெளிவந்தது. பெண்ணுக்கு வந்த பொருளும் பணமும் அவளுடைய தனி உடைமையாக எப்படி நின்றன என்பதை அறிய விரும்புவோர் அதைத் தேடிப் படிக்கலாம்.

பிறகு காலம் மாறியது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அடமானம் வைத்த நிலம் செட்டியார்களிடம் வந்து சேர்ந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் அவர்களிடம் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். 1937-இல் அது 25 சதவீதம். பணமாக இருந்தது மண்ணாக மாறி அங்கேயே முடங்கியது. ஜப்பானியப் படை 1942-இல் ரங்கூனைப் பிடித்தது. சுதந்திர பர்மா 1948-இல் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. வருமானம் நின்ற வீடுகளிலிருந்து சாமான் வெளியேறத் தொடங்கியது. முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இன்று நீங்கள் பார்க்கும் எனாமல் தட்டுகள் பல, யாரோ ஒரு தாய் மகளுக்காக எண்ணி எண்ணிச் சேர்த்தவை. கடையில் விலை உண்டு. எந்த வீட்டுப் பொருள் என்ற விவரம் அநேகமாக இருக்காது. எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது.

பெரிய வீட்டை விட்டு இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டுக்கு வரும்போது நம்மில் பலரும் இதையேதான் சின்ன அளவில் செய்தோம். எடைக்குப் போட்டோம். பித்தளைக்குக் கிலோ கணக்கில் பணம் கிடைத்தது, அவ்வளவே. இன்னும் மிச்சம் இருப்பதை எடைக்குப் போடுமுன் பரிசாகக் கொடுக்கலாமே என்பதுதான் என் யோசனை.

அஞ்சறைப்பெட்டி தனிக்குடித்தனம் போகும் பெண்ணுக்கும் பையனுக்கும் நிஜமாகவே உதவும். பல்லாங்குழிப் பலகை குழந்தைகள் உள்ள வீட்டுக்குப் பொருத்தம். சோழியோ புளியங்கொட்டையோ கூடவே கொடுங்கள். அரிசி அளந்த படியில் பேனாவும் கரண்டியும் போட்டு வைக்கலாம், கொஞ்சம் வேடிக்கையாகவும் இருக்கும். பெரிய சாவியோடு கூடிய பழைய பூட்டு, புது ஃப்ளாட் வாங்கியவருக்கு நல்ல குறும்புப் பரிசு. கதவில் மாட்ட முடியாது, வரவேற்பறையில் மாட்டலாம்.

கொட்டானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆச்சிமார் ஓய்வு நேரத்தில் பனை ஓலைக்குச் சாயம் ஏற்றி, தாங்களே முடைந்து, விளிம்பில் நூலும் மணியும் கோத்துச் செய்தவை அவை. பிளாஸ்டிக் வந்ததும் வழக்கொழிந்துபோகும் நிலைக்கு வந்தது. எம்.ஆர்எம்.ஆர்எம். கலாசார அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதை மீட்டது; இன்று செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. உங்கள் ஆயா முடைந்தது ஒன்று வீட்டில் இருந்தால் தாம்பூலத்தை அதில் வைத்துக் கொடுங்கள். உள்ளே இருக்கும் பழத்தைவிட அதையே நெடுநாள் வைத்திருப்பார்கள்.

கொடுக்குமுன் சில எச்சரிக்கைகள். எனாமல் பெயர்ந்த பாத்திரத்தில் சாப்பாடு வேண்டாம், பழைய பூச்சுகளில் ஈயம் போன்ற நச்சு இருக்கக்கூடும். பால்கனியில் துளசி வைக்கத் தோதானது என்று சொல்லியே கொடுங்கள். உள்ளே ஈயப்பூச்சு போன பித்தளையில் புளிப்பு வைக்கக் கூடாது. சமையலுக்கென்றால் மறுபடி பூசிய பிறகே கொடுங்கள். இந்த ‘ஈயம்’ வெள்ளீயம், நச்சு ஈயம் அல்ல. பளபளப்புக்காக மெஷினில் தேய்த்து எழுத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் நம்மிடம் நிறைய. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலை, கைவினைப் பொருள்கள் தொல்பொருள் ஆகலாம். தொல்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. சுவடி, ஆவணம் என்றால் எழுபத்தைந்து ஆண்டே போதும். சந்தேகம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்றிதழ் வாங்கிக்கொள்வது நல்லது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு வாதாட முடியாது.

காகிதங்களையும் மறந்துவிடாதீர்கள். பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு பழைய கல்யாணப் பத்திரிகைகளையும் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994-இல் உருவானது அதை வைத்துத்தான். தாத்தா பாட்டி கல்யாணப் பத்திரிகை கிடைத்தால் சட்டம் போட்டுப் பேரன் கல்யாணத்துக்குக் கொடுங்கள். செலவு சட்டத்துக்கு மட்டும்தான்.

எதைக் கொடுத்தாலும் யார் வாங்கியது, யார் உபயோகித்தது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். உங்கள் வீட்டுப் பாத்திரத்தில் விலாச எழுத்து இருந்தால் படம் எடுத்து, தெரிந்த விவரத்தோடு சங்க அலுவலகத்தில் கொடுங்கள். அடுத்த இதழில் ஒரு பக்கம் அதற்கென்று ஒதுக்குவோம்.