வரிக்கு வரம்பு கட்டிய மக்கள்
கலிபோர்ணியாவின் ஆதனவரிக் கிளர்ச்சியும் உள்ளூராட்சியும்

குடிகளிடம் இறை பெறாது நடைபெறும் ஆட்சி உலகில் யாண்டும் இல்லை. ஆயின், பெறப்படும் இறைக்கு எல்லை யாது, அவ்வெல்லையை வகுப்போர் யாவர் என்னும் வினாக்கள் வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுந்துள்ளன. முடிமன்னர் காலத்தில் அவை அரசனுக்கும் குடிகளுக்கும் இடையே எழுந்தன. சனநாயக காலத்திலோ வரி விதிப்போர் குடிகளின் பிரதிநிதிகள். வரி இறுப்போர் அப்பிரதிநிதிகளைத் தெரிந்தவர்கள். அத்தகைய ஆட்சியில் குடிகள் தம் பிரதிநிதிகளின் கைகளையே கட்ட முற்பட்டால் விளைவது யாது? இவ்வினாவுக்கு விடைகாண உதவும் சிறந்த எடுத்துக்காட்டு, ஐக்கிய அமெரிக்க நாடுகளைச் சேர்ந்த கலிபோர்ணியா மாநிலத்தில் 1978ஆம் ஆண்டு நிகழ்ந்த ஆதனவரிக் கிளர்ச்சியாகும். தம் ஊர் வரியை அடக்கியாள விரும்பிய மக்கள், அவ்வரியைப்பற்றித் தம் ஊரிலேயே முடிவுசெய்யும் உரிமையை எவ்வாறு தலைநகருக்கு நழுவவிட்டனர் என்பதை அவ்வரலாறு காட்டுகின்றது.

கவுண்டியும் அதன் வரியும்

கலிபோர்ணியா மாநிலம் கவுண்டி எனப்படும் 58 ஆட்சிப் பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளது. பெரும்பாலான கவுண்டிகளில், மக்களால் தெரியப்பட்ட ஐவர் கொண்ட மேற்பார்வையாளர் சபை ஆட்சி நடத்தும். காணிக்கும் கட்டடத்துக்கும் விலை மதிப்பவராகிய மதிப்பீட்டாளரும் மக்கள் வாக்கினாலேயே தெரியப்படுபவர். அவர் மதித்த பெறுமதியின்மேல் விதிக்கப்படுவதே ஆதனவரி. நம் நாட்டு நகரசபைகள் அறவிடும் சோலைவரிக்கு இஃது இனமானது. ஆயினும், சோலைவரி ஆதனத்தின் ஆண்டுப் பெறுமதியைப் பற்றியது. கலிபோர்ணியாவின் வரியோ சந்தை விலையைப் பற்றியது. இவ்வேறுபாடு பின்னர் நிகழ்ந்தவற்றுக்கு முதற் காரணமாயிற்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1978ஆம் ஆண்டுக்கு முன்னர்க் கவுண்டி, நகரசபை, பாடசாலை மாவட்டம் ஆகிய ஒவ்வொன்றும் தத்தம் தேவைக்கேற்ப வரிவீதத்தை வகுத்தன. இவ்வீதங்கள் அனைத்தும் ஒன்றுசேர்ந்து, சந்தை விலையில் நூற்றுக்கு இரண்டரை வீதத்துக்கும் மேற்பட்ட சுமையாக வீட்டுச் சொந்தக்காரன்மேல் விழுந்தன. வீட்டின் விலை ஏறியதும் வரியும் ஏறிற்று. விற்றாலன்றிக் கைக்கு வாராத செல்வத்துக்கு, மாதந்தோறும் வரும் சிறு வருமானத்திலிருந்து வரி இறுக்கவேண்டிய நிலை இளைப்பாறியோரையும் கைம்பெண்களையும் பெரிதும் வருத்திற்று.

நேர்மை விளைத்த சினம்

இக்கிளர்ச்சியின் வித்து ஊழலில் அன்று, ஊழலை ஒழித்த சீர்திருத்தத்திலேயே கிடந்தது. முற்காலத்து மதிப்பீட்டாளர்கள் வாக்காளரின் வீடுகளை உண்மை விலையினும் மிகக் குறைவாகவும், வணிக நிலையங்களை அதனினும் உயர்ந்த பங்கிலும் மதிப்பது வழக்கமாயிருந்தது. சட்டத்திற் காணப்படாத இச்சலுகை வீட்டுச் சொந்தக்காரர்க்கு மறைமுகமான காப்பாக அமைந்தது. ஆயின், அதே தன்னுரிமை கையூட்டுக்கும் வழிவகுத்தது. 1965ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் இலஞ்ச ஊழல் வெளிப்பட்டது. அந்நகரின் மதிப்பீட்டாளர் ரசல் வோல்டன் 1966ஆம் ஆண்டிற் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டார்.

அவ்வாண்டிலேயே மாநிலச் சட்டசபை ஒரு சட்டம் இயற்றி, வீடாயினும் வணிக நிலையமாயினும் எல்லா ஆதனங்களையும் சந்தை விலையில் நூற்றுக்கு 25 வீதமாக ஒரே அளவில் மதித்தல்வேண்டும் என விதித்தது. நேர்மையான இவ்விதியால் வணிக நிலையங்களின் சுமை குறைய, வீடுகளின் சுமை ஏறிற்று. பழைய ஊழற்காரரையே மீண்டும் கொணர்க என்னும் பொருளுடைய வாசகத்தைச் சான் பிரான்சிஸ்கோ வாசிகள் சிலர் தம் மோட்டார் வண்டிகளில் ஒட்டித் திரிந்தனர். நகைப்புக்குரியதாகத் தோன்றினும், இதனுள் ஓர் உண்மை அடங்கியிருந்தது. மக்களைக் காத்துவந்த மறைமுக ஏற்பாட்டை நீக்கிய சட்டசபை, அதன் இடத்தில் வெளிப்படையான காப்பு எதனையும் போதிய அளவில் வைக்கவில்லை.

பாடசாலையும் வரியும்

வரியை வெறுத்தோரும் தம் பிள்ளைகளின் பாடசாலைக்காக அதனைப் பொறுத்திருந்தனர். இப்பிணைப்பும் 1971ஆம் ஆண்டிலே தளரத் தொடங்கிற்று. செரானோ வழக்கில் மாநில உயர் நீதிமன்றம் பாடசாலைகளின் ஏற்றத்தாழ்வை ஆராய்ந்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியுள் அடங்கிய பெவர்லி ஹில்ஸ் என்னும் செல்வ நகர், மதிப்பிட்ட பெறுமதியில் ஒவ்வொரு நூறு டொலருக்கும் 2.38 டொலர் வரி விதித்து, 1968-69ஆம் ஆண்டில் மாணவன் ஒருவனுக்கு 1,232 டொலர் வரையிற் செலவிட்டது. அதே கவுண்டியிலுள்ள போல்ட்வின் பார்க் என்னும் எளிய ஊர் 5.48 டொலர் விதித்தும் 577 டொலரே செலவிட முடிந்தது. கூடிய வரி இறுத்தவர் குறைந்த கல்வி பெற்றனர். பிள்ளையின் கல்வி அவன் ஊரின் காணி விலையைப் பொறுத்திருத்தல் சமத்துவத்துக்கு முரண் என நீதிமன்றம் கண்டது. 1976ஆம் ஆண்டு அத்தீர்ப்பு மீண்டும் உறுதிசெய்யப்பட்டது.

தீர்ப்பின் நியாயம் மறுத்தற்கரியது. ஆயினும், மாவட்டங்களின் செலவைச் சமப்படுத்த முற்பட்ட மாநில அரசு ஒவ்வொரு பாடசாலை மாவட்டத்தின் வருமானத்துக்கும் எல்லை வகுத்தது. அதன் பின்னர், ஓர் ஊரார் கூடுதலாக இறுத்த வரி அவ்வூர்ப் பாடசாலைக்கே பயன்படும் என்னும் உறுதி இல்லாதொழிந்தது. இதுவே வரிக்கிளர்ச்சியின் முதன்மைக் காரணம் எனப் பொருளியல் அறிஞர் வில்லியம் பிஷெல் வாதிட்டார். அறிஞர் அனைவரும் இதற்கு உடன்பட்டிலர். எனினும், பயனோடு தொடர்பற்ற வரி வெறுஞ் சுமையாகவே தோன்றும் என்பது எளிதில் விளங்கும்.

1978ஆம் ஆண்டு வாக்கெடுப்பு

ஆளுநர் ஹைரம் ஜோன்சன் காலமாகிய 1911ஆம் ஆண்டு தொடக்கம் கலிபோர்ணியா மக்கள் நேரடியாகச் சட்டம் முன்மொழியும் உரிமை பெற்றிருந்தனர். போதிய கையொப்பங்கள் திரட்டப்படின், அரசியலமைப்புத் திருத்தமேனும் மக்கள் வாக்குக்கு விடப்படும். லொஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியின் மதிப்பீட்டாளராயிருந்த பிலிப் வற்சன், 1968ஆம் ஆண்டிலும் 1972ஆம் ஆண்டிலும் ஆதனவரியைக் கட்டுப்படுத்தும் முன்மொழிவுகளை மக்கள்முன் வைத்தார். இரண்டும் தோல்வியுற்றன.

அடுத்த சில ஆண்டுகளில் தென் கலிபோர்ணியாவின் வீட்டு விலை முன்னொருபோதும் இல்லாத வேகத்தில் உயர்ந்தது. எல்லா வீடுகளும் ஆண்டுதோறும் மதிக்கப்படாது, பகுதி பகுதியாகச் சில ஆண்டுகளுக்கொருமுறை மதிக்கப்பட்டமையால், பல ஆண்டு ஏற்றம் ஒரே முறையில் வரிச்சீட்டிலே வந்து சேர்ந்தது. இதற்கிடையில் மாநில அரசின் கருவூலத்தில் ஏறத்தாழ 500 கோடி டொலர் மிகுதியாய்க் குவிந்திருந்தது. மக்கள் இடருற, அரசு பணம் சேர்த்து வைத்திருந்தது. நிவாரணச் சட்டமோ சட்டசபையின் வாதங்களில் சிக்கித் தாமதித்தது.

இந்நிலையில் ஹோவார்ட் ஜார்விஸ், போல் கான் என்னும் முதியவர் இருவர் முன்வந்தனர். 1903ஆம் ஆண்டிற் பிறந்த ஜார்விஸ், பன்முறை முயன்று தோற்றும் தளராதவர். வீட்டுச் சொந்தக்காரர் சங்கங்கள் மூலம் பன்னிரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்கள் திரட்டப்பட்டன. ஊர்தோறும் கூட்டங்கள் நடந்தன. ஆளுநர் ஜெரி பிரவுண், ஆசிரியர் சங்கங்கள், அரசாங்க ஊழியர் சங்கங்கள், பெருநிறுவனங்கள் சில ஆகிய யாவும் எதிர்த்து நின்றன. சட்டசபை கொணர்ந்த மிதமான மாற்றுத் திட்டமும் 8ஆம் முன்மொழிவாக உடன் வாக்குக்கு விடப்பட்டது. ஆயின், வாக்கெடுப்புக்குச் சில வாரங்களே இருக்கையில், 1978 மே மாதத்தில், லொஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியின் புதிய மதிப்பீடுகள் வெளிவந்தன. தம் வீட்டின் மதிப்பு இருமடங்கானதைக் கண்ட மக்கள் வேறு வாதம் எதனையும் கேட்கும் நிலையில் இல்லை. 1978 யூன் 6ஆந் திகதி 13ஆம் முன்மொழிவு நூற்றுக்கு 65 வீதமளவான வாக்குகளால் நிறைவேறிற்று. 8ஆம் முன்மொழிவு தோற்றது.

அத்திருத்தத்தின் கூறுகள் நான்கு. ஆதனவரி பெறுமதியில் நூற்றுக்கு ஒரு வீதத்தை மேற்படலாகாது. பெறுமதி 1975-76ஆம் ஆண்டு நிலைக்குத் திருப்பப்படல்வேண்டும். அதன்பின் ஆதனம் கைமாறும்வரை அல்லது புதிதாய்க் கட்டப்படும்வரை, ஆண்டுக்கு இரண்டு வீதத்துக்குமேல் அப்பெறுமதி ஏறலாகாது. மாநில வரியை உயர்த்தச் சட்டசபையில் மூன்றிலிரு பங்கினரும், உள்ளூரில் விசேட வரி விதிக்க வாக்காளரில் மூன்றிலிரு பங்கினரும் இசைதல்வேண்டும்.

வெற்றியின் பின்விளைவுகள்

ஆதனவரி வருமானம் ஒரே ஆண்டில் நூற்றுக்கு 57 வீதமளவு வீழ்ந்தது. கோடைகாலப் பாடசாலைகள் பல மூடப்பட்டன. நூல்நிலையங்களின் நேரம் சுருங்கிற்று. எனினும், எதிர்த்தோர் அஞ்சிய பேரழிவு நிகழவில்லை. மாநில அரசு தன் மிகுதிப் பணத்தைக் கவுண்டிகளுக்கும் பாடசாலைகளுக்கும் பகிர்ந்தளித்தமையே அதற்குக் காரணமாகும். வாக்கெடுப்புக்கு முன் கடுமையாக எதிர்த்த பிரவுண், அதன்பின் திருத்தத்தை நிறைவேற்றுவதில் முன்னின்றார்.

ஈண்டுதான் ஆட்சியுரிமையின் இடம் பெயர்ந்தது. ஒரு வீத வரியை யார் யார் எவ்வளவு பங்கிடுவது என்பதைக் கூறத் திருத்தத்தில் விதி இல்லை. சட்டத்தின்படி பங்கிடுக என்றே அது கூறிற்று. அச்சட்டத்தை இயற்றுவது மாநிலச் சட்டசபை. 1979ஆம் ஆண்டுச் சட்டம் பழைய வருமான விகிதத்தையே அடிப்படையாகக் கொண்டு பங்கிட்டமையால், 1970களில் குறைந்த வரி விதித்த சிக்கனமான நகரங்கள் அதன்பின்னும் குறைந்த பங்கே பெற்றன. தம் வரிவீதத்தைத் தாமே வகுத்த மேற்பார்வையாளர் சபைகள் மாநிலத் தலைநகராகிய சக்ரமெண்டோவை நோக்கிக் கைநீட்டும் நிலை எய்தின. வரி கூடிற்று என முறையிட வந்த குடிமகனுக்கு உள்ளூர்ச் சபை விடையிறுத்த காலம் போயிற்று. அச்சபையின் கையில் வீதமும் இல்லை, பங்கும் இல்லை.

வரும்படி தேடிய நகரங்கள் கட்டணங்களை உயர்த்தின. குடியிருப்புகளினும் விற்பனை வரி தரும் அங்காடிகளையே விரும்பி வரவேற்றன. 1994 திசம்பரில் ஒறேஞ்சு கவுண்டி முறிவுற்றது. அதன் பொருளாளர் ஆபத்தான முதலீடுகளில் ஈடுபட்டு 160 கோடி டொலருக்கு மேல் இழந்தார். வரியாற் பெறமுடியாததை வட்டியாற் பெற முனைந்தமையே இதன் பின்னணி எனப் பலர் கருதினர். அடுத்த ஆண்டு யூன் மாதத்தில் விற்பனை வரியை அரை வீதம் உயர்த்த அக்கவுண்டி மக்களின் இசைவு கோரப்பட்டபோது, அவர்கள் பெரும்பான்மையாக மறுத்தனர்.

அயலார் இருவரிடையே எழுந்த வேற்றுமையும் சிறிதன்று. லொஸ் ஏஞ்சல்சில் 1988ஆம் ஆண்டு 1,70,000 டொலருக்கு வீடு வாங்கிய ஒரு பெண்மணி, அதனையொத்த வீட்டை 1975 முதல் வைத்திருந்த அயலாரினும் ஏறத்தாழ ஐந்து மடங்கு வரி இறுக்கவேண்டியதாயிற்று. நோட்லிங்கர் வழக்கு என வழங்கும் அவ்வழக்கில், ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 1992ஆம் ஆண்டு, எட்டு நீதிபதிகள் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக, அவ்வேற்றுமை அரசியலமைப்புக்கு முரணன்று எனத் தீர்ப்பளித்தது. நெடுநாள் வாழ்ந்தோரை அவர்தம் வீட்டில் நிலைக்கச் செய்தல் தகுந்த நோக்கமே என்பது பெரும்பான்மையோர் கருத்து. முதியோரைக் காத்த அதே விதி, இளங் குடும்பத்தினர்மேல் சுமையை ஏற்றிற்று.

வேறொரு வழி

வரம்பு கட்டும் முறை இது ஒன்றேயோவெனின், அன்று. மசச்சூசெற்ஸ் மாநில மக்களும் 1980ஆம் ஆண்டு இத்தகைய வரம்பொன்றை நிறைவேற்றினர். ஓர் ஊர் அறவிடும் மொத்த ஆதனவரி, ஊரிலுள்ள ஆதனங்களின் மொத்தப் பெறுமதியில் நூற்றுக்கு இரண்டரை வீதத்தை மேற்படலாகாது. ஆண்டுதோறும் புதுக் கட்டடங்களாற் பெறுவது நீங்கலாக இரண்டரை வீதமே ஏறலாம். ஆயின், ஊரார் விரும்பின், தம் வாக்கின் பெரும்பான்மையால் அவ்வாண்டேற்றத்தின் எல்லையைக் கடக்கலாம். ஆகவே, பாடசாலைக்கு ஆசிரியர் வேண்டுமா, தீயணைப்பு வண்டி வேண்டுமா, அவற்றுக்கு எவ்வளவு இறுப்போம் என்னும் வாதம் அவ்வூர்க் கூட்டங்களிலேயே தொடர்ந்து நடைபெறுகின்றது. செல்வமிக்க ஊர்கள் எளிதில் வரம்பைக் கடக்க, எளிய ஊர்கள் அவ்வாறு செய்ய இயலாது பின்தங்குகின்றன என்னும் குறை இதற்கும் உண்டு. எனினும், வேண்டுமென்று கூறும் உரிமையும் வேண்டாமென்று கூறும் உரிமையும் ஓரிடத்திலேயே தங்கியுள்ளன.

முடிவுரை

கலிபோர்ணியாவில் 1978ஆம் ஆண்டு வரம்பு இன்றும் நிலைத்துள்ளது. பெருமதிப்புள்ள வணிக ஆதனங்களை மட்டும் சந்தை விலையில் மதிக்க முனைந்த 15ஆம் முன்மொழிவு 2020ஆம் ஆண்டிலே தோற்றது. வீடமைப்புக்கான உள்ளூர்க் கடனுக்கு வேண்டிய மூன்றிலிரு பங்கு இசைவை 55 வீதமாகக் குறைக்க முயன்ற 5ஆம் முன்மொழிவும் 2024ஆம் ஆண்டிலே தோற்றது. ஒருமுறை பெற்ற காப்பை மக்கள் எளிதிற் கைவிடார் என்பது இதனாற் புலனாகும். அவர்களைத் தன்னலத்தாரென இகழ்தல் தகாது. வீட்டை இழக்கும் அச்சம் உண்மையானது. உரிய காலத்தில் அதற்குச் செவிசாயாத சட்டசபையின் பொறுப்பும் பெரிது.

வரிக்கு எல்லை வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஐயம் எல்லாம் அவ்வெல்லையைத் திறக்கும் திறவுகோல் யாரிடம் இருத்தல்வேண்டும் என்பதிலேயே உள்ளது. வயலுக்கு வரம்பு கட்டும் உழவன் நீர் பாய மடையும் வைப்பான். மடைவாயைத் தன் கைக்கெட்டும் இடத்திலேயே வைப்பான். கலிபோர்ணியா மக்கள் வரம்பை உறுதியாகக் கட்டினர். மடையைத் தொலைவிலுள்ள தலைநகரில் விட்டனர். வரி கேட்போரும் இறுப்போரும் முகம் பார்த்து வழக்காடக்கூடிய மன்றமே உள்ளூராட்சியின் உயிர். அம்மன்றத்தைக் காவாது வரியை மட்டும் குறைப்பின், குறைவது வரி மட்டுமன்று; குடிமகன் தன் ஊரில் செலுத்தும் அதிகாரமும் உடன் குறையும்.