கல் கொடுத்த தீவு



ஜொகூர் பாருவிலிருந்து கடற்பாலத்தின் வழியாகச் சிங்கப்பூருக்குப் போய் வந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உறவினர் வீட்டுத் திருமணம், வேலைக்குச் சென்ற மகனைப் பார்க்கும் ஆசை என்று ஏதோ ஒரு காரியமாகப் போயிருப்பீர்கள். கடப்பிதழைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும் அவசரத்தில், நம் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கீழே இருப்பது கருங்கல். 1919ஆம் ஆண்டில் வேலை தொடங்கி, 1924ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் முறைப்படி திறந்து வைக்கப்பட்ட பாலம் அது. அதற்கு வேண்டிய கல்லில் ஒரு பகுதி புக்கிட் தீமாவிலிருந்து வந்தது. மற்றொரு பகுதி புலாவ் உபின் என்னும் சின்னஞ்சிறு தீவிலிருந்து வந்தது. அந்தத் தீவின் வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நம் ஜொகூர் கரைக்கும் சிங்கப்பூரின் வடகிழக்குக் கரைக்கும் இடையில், நீரிணையின் நடுவே கிடக்கிறது இத்தீவு. பரப்பளவு சுமார் 10 சதுர கிலோமீட்டர். நம் பக்கத்துப் பெரிய தோட்டம் ஒன்றின் அளவுதான் இருக்கும். மலாய் மொழியில் 'ஜூபின்' என்றால் தளத்தில் பதிக்கும் சதுரக் கல். அந்தச் சொல்லிலிருந்தே தீவின் பெயர் பிறந்தது என்பார்கள். யானை, பன்றி, தவளை ஆகிய மூன்றும் ஜொகூர் கரைக்கு யார் முதலில் நீந்திச் சேர்வது என்று பந்தயம் கட்டினவாம். சேர முடியாதவர் கல்லாகிவிட வேண்டும் என்பது நிபந்தனை. மூன்றுமே தோற்றன. யானையும் பன்றியும் உபின் தீவாயின, தவளை பக்கத்தில் உள்ள செக்குடு என்னும் பாறைத் தீவாயிற்று என்று மலாய்ப் பாட்டிமார் கதை சொல்லி வந்தார்கள்.

கதை அப்படி இருக்க, வரலாறு சொல்வதும் கல்லைப் பற்றித்தான். 1850, 1851ஆம் ஆண்டுகளில், தென்சீனக் கடலின் வாயிலில் உள்ள பத்து பூத்தே பாறையின் மீது ஹார்ஸ்பரோ கலங்கரை விளக்கம் எழுப்பப்பட்டது. அதைக் கட்டியவர் அரசாங்க நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சன். அதற்கான கல் உபினில் வெட்டப்பட்டு, படகுகளில் ஏற்றிச் செல்லப்பட்டது. அடுத்து 1854, 1855ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூரின் தெற்கே ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம் கட்டப்பட்டது. அதற்கும் உபின் கல்தான். கட்டியவர்கள் யார் தெரியுமா? இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1825ஆம் ஆண்டிலிருந்தே சென்னை மாகாணத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த கைதிகளைக் கொண்டு சிங்கப்பூரின் சாலைகளையும் பெருங்கட்டடங்களையும் ஆங்கிலேயர் எழுப்பினார்கள். நம் முன்னோர்கள் பால்மரம் வெட்ட வருவதற்கு வெகுகாலம் முன்னரே, நம் இனத்தாரின் வியர்வை இந்தக் கடலோரக் கற்களில் விழுந்திருக்கிறது.

பின்னாளில் சீனத் தொழிலாளர்கள் பெருந்தொகையாக வந்து கல் உடைத்தார்கள். மலாய்க்காரர்கள் மீன் பிடித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் அங்கேயும் வந்து சேர்ந்தது. தென்னையும் பழமரங்களும் நட்டார்கள். ஓடைகளுக்கு அணை போட்டு இறால் வளர்த்தார்கள். 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் தேதி ஜப்பானியர் இத்தீவில் இறங்கி, சிங்கப்பூரைக் காத்து நின்ற படையின் கவனத்தை இந்தப் பக்கம் திருப்பிவிட்டு, மறுநாள் வேறொரு பக்கமாகத் தாக்கினார்கள். போர் முடிந்த பிறகு கம்பங்கள் மறுபடியும் தழைத்தன. 1970களில் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் அங்கே வாழ்ந்தார்கள். சீனப் பள்ளி இருந்தது, மலாய்ப் பள்ளி இருந்தது.

அதன் பிறகு நடந்தது நமக்குப் பழக்கமான கதை. ரப்பருக்கு மதிப்புக் குறைந்தது. இளையவர்கள் வேலைக்காகவும் அடுக்குமாடி வீட்டுக்காகவும் கரை தாண்டினார்கள். பிள்ளைகள் குறைந்ததும் பள்ளிகளை மூடினார்கள். கடைசியாக 1999ஆம் ஆண்டில் கல் உடைப்பதும் நின்றுபோயிற்று. ஒன்றரை நூற்றாண்டு காலம் ஊருக்கெல்லாம் கல் கொடுத்த தீவில் எஞ்சியவை ஆழமான பள்ளங்களும், வயதான சிலரும், யாரும் வெட்டாத பால்மரங்களுமே. ஓர் இடத்திலிருந்து எடுக்க வேண்டியதை எல்லாம் எடுத்து முடித்த பிறகு அந்த இடத்துக்கு என்ன வேலை? அங்கே இருந்தவர்களுக்கு என்ன வேலை? தோட்டத்துப் பிள்ளைகளாகிய நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

நேயர்களே, மனிதன் போன இடத்தில் மரம் வந்தது. கல் வெட்டிய பள்ளங்களில் மழைநீர் தேங்கி ஏரிகளாயின. கொக்கும் நாரையும் அவற்றின் நடுவே கூடு கட்டின. வெட்டுவார் இல்லாத பால்மரங்களின் அடியில் காட்டு மரங்கள் முளைத்தன. 1994ஆம் ஆண்டில் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. சிங்கப்பூரில் ஏறக்குறைய 140 ஆண்டுகளாகக் காணப்படாத இருவாட்சிப் பறவை, நம் நாட்டில் எங்காங் என்று சொல்கிறோமே அந்தப் பறவையின் ஓர் இனம், உபினில் வந்து இறங்கியது.

இருவாட்சியின் குடும்ப வாழ்க்கை நாம் அறிய வேண்டிய ஒன்று. பெரிய மரப்பொந்துக்குள் பெண் பறவை புகுந்து, வாயிலைச் சேறும் எச்சமும் கொண்டு அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு சிறு இடுக்கு மட்டும் இருக்கும். முட்டையிட்டுக் குஞ்சு வளரும் வரையில் ஆண் பறவைதான் பழமும் பூச்சியும் கொண்டு வந்து ஊட்ட வேண்டும். ஆண் வராவிட்டால் உள்ளே இருக்கும் குடும்பம் பட்டினி. இப்படிக் கூடு கட்டப் பெரிய பொந்துள்ள முதிய மரம் வேண்டும். உபினில் அப்படிப்பட்ட மரங்கள் குறைவு. ஆகவே 2004ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் மரங்களில் செயற்கைக் கூடுகளைக் கட்டித் தொங்கவிட்டார்கள். பறவைகள் அவற்றை ஏற்றுக்கொண்டு குஞ்சு பொரித்தன. இப்போது சிங்கப்பூர் நகரத் தோட்டங்களிலும் இருவாட்சியைக் காணலாம்.

இனி, இந்தத் தீவின் வரலாற்றில் மிக முக்கியமான கட்டத்துக்கு வருவோம். தீவின் கிழக்கு முனையில் செக் ஜாவா என்ற கடற்கரை இருக்கிறது. அங்கே கடலை மண் கொட்டித் தூர்த்து நிலமாக்குவதென்று 1992ஆம் ஆண்டிலேயே திட்டம் போட்டிருந்தார்கள். 2001ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வேலை தொடங்க வேண்டும். அந்த வேளையில்தான் இயற்கை ஆர்வலர் சிலர் நீர் வற்றிய நேரம் பார்த்து அங்கே நடந்து சென்றார்கள். மணல்வெளி, பாறைக்கரை, கடற்புல் திட்டு, பவளத் துண்டுகள் நிறைந்த மேடு, அலையாத்திக் காடு, கரையோரக் காடு ஆகிய ஆறு வகை இயற்கைச் சூழல்கள் ஒரே இடத்தில் கூடியிருப்பதைக் கண்டார்கள். நட்சத்திர மீன், கடல் வெள்ளரி, பல நிற நண்டு என்று கால் வைக்கும் இடமெல்லாம் உயிர்கள்.

அவர்கள் கூச்சல் போடவில்லை. கணக்கெடுத்தார்கள். படம் பிடித்தார்கள். அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினார்கள். ஆசிரியர்கள் மாணவர்களை அழைத்து வந்தார்கள். செய்தி பரவியதும், மறைந்துபோவதற்கு முன் ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் படகேறின. 2002ஆம் ஆண்டு ஜனவரியில், அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் மா பௌ டான், தீவு வளர்ச்சிக்குத் தேவைப்படாத வரையில் அந்த வேலை ஒத்திவைக்கப்படும் என்று அறிவித்தார். ஒத்திவைப்பு என்பதுதான் சொல், கைவிடுவது அல்ல. ஆனாலும் கடல் பிழைத்தது. 2007ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அங்கே ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தில் மேடைப் பாதை திறக்கப்பட்டது. உயிர்களை மிதிக்காமல், மேலே நின்று பார்த்து வரலாம்.

அந்தப் பாதை திறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் நம் ஜொகூரைப் பெருவெள்ளம் தாக்கியதே, நினைவிருக்கிறதா? கோத்தா திங்கி, சிகாமட், மூவார் என்று ஊர் ஊராக மூழ்கின. அந்த வெள்ளநீர் ஆறுகளின் வழியே நீரிணையில் சேர்ந்து, கடலின் உப்பைக் குறைத்துவிட்டது. செக் ஜாவாவில் கடலுயிர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக் கிடந்தன. பிறகு ஆண்டுகள் செல்லச் செல்ல அவை மெல்ல மெல்லத் திரும்பின. நம் வீட்டுக் கொல்லைப்புறத்து ஓடையும் அந்தக் கடலும் ஒரே தண்ணீர் என்பதை இதைவிட யாரும் நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, இத்தனை பேர் வந்து போகிறார்களே, தீவில் வாழும் மக்களுக்கு இதனால் என்ன நன்மை? சாங்கி முனைப் படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு புறப்படும். படகோட்டிக்குக் கூலி. கரையில் இறங்கினால் மிதிவண்டிகளை வாடகைக்கு விடும் கடைகள். களைத்து வந்தவர்களுக்கு இளநீரும் சாப்பாடும் விற்கும் கம்பத்துக் கடைகள். மேடு பள்ளத்தில் மிதிவண்டி ஓட்டும் துணிச்சல்காரர்களுக்கு, பழைய கல்லுடைப்புப் பள்ளத்தைச் சுற்றி 2008ஆம் ஆண்டில் ஒரு பூங்கா அமைத்தார்கள். இளைஞர்களுக்கு மலையேற்றமும் படகு வலிப்பும் கற்றுத்தரும் பயிற்சிப் பள்ளி 1967ஆம் ஆண்டிலேயே அங்கு தொடங்கப்பட்டது. வானளாவிய விடுதி எதுவும் இல்லை. வந்தவர்கள் நடந்து பார்க்கிறார்கள், கம்பத்தில் உண்கிறார்கள், திரும்புகிறார்கள். இப்படி ஊராரின் பிழைப்புக்கும் இடம் வைத்து, இயற்கைக்கும் ஊறு செய்யாமல் நடக்கும் பயணத்தைத்தான் இயற்கைச் சுற்றுலா என்கிறார்கள்.

ஆனால் எல்லாம் இனிப்பு என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். 2013ஆம் ஆண்டில் தீவின் 22 குடும்பங்களுக்கு அரசாங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்று பதறிப்போனார்கள். காலி செய்ய வேண்டாம், ஆனால் நிலம் அரசாங்கத்துடையது, இனி அதற்கு வாடகை கட்ட வேண்டும் என்று பிறகு விளக்கம் தந்தார்கள். அடுத்த ஆண்டு, தீவின் எதிர்காலம் பற்றிப் பொதுமக்களின் யோசனைகளைக் கேட்கும் உபின் திட்டத்தை அரசாங்கம் தொடங்கியது. கம்பத்து வீடுகள் சிலவற்றைப் பழுது பார்க்கும் பணியும் நடந்தது. ஆனால் இன்று அங்கே வாழ்பவர்கள் சில பத்துப் பேர்தான். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். அவர்களுக்குப் பிறகு காடு இருக்கும், பறவை இருக்கும். அந்தக் காட்டின் கதையைச் சொல்ல ஆள் இருக்குமா?

ஒரு பள்ளி விடுமுறையில், எங்கள் பள்ளிப் பிள்ளைகள் சிலரையும் பெற்றோர் சிலரையும் கூட்டிக்கொண்டு உபின் சென்றிருந்தேன். பேரனோடு ஒரு பாட்டியும் வந்தார். நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். பாதையோரத்தில் ஒரு பழைய பால்மரத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பட்டையில் இருந்த முண்டுகளைத் தடவிப் பார்த்தார்.

"வாத்தியாரே, இதை வெட்டினவன் கத்தியை ஆழமா விட்டுட்டான். மரம் புண்ணாயி, பிறகு முண்டு கட்டியிருக்கு. மண்டோர் கண்ணுலே பட்டிருந்தா அவனை உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பாரு" என்றார்.

பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். காண்டா எப்படிப் பிடிப்பது, ஒட்டுப்பால் எப்படி எடுப்பது, விடியற்காலையில் ஏன் வெட்ட வேண்டும் என்று கேள்வி மேல் கேள்வி. அரை மணி நேரம் பாட்டிதான் ஆசிரியர். அன்றுவரை அந்தப் பேரன், தன் பாட்டி படிக்காதவர் என்றே நினைத்திருந்தான்.

நேயர்களே, செக் ஜாவாவைக் காப்பாற்றியவர்களில் ஒருவருக்கும் அந்த நிலம் சொந்தமில்லை. அதை அறிந்து வைத்திருந்தார்கள், அறிந்ததைப் பேசினார்கள், அவ்வளவுதான். நம் தோட்டங்கள் பல விற்கப்பட்டுவிட்டன. லயங்கள் இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டங்கள் வந்துவிட்டன. இருக்கும் தோட்டங்களிலும் நமக்கு நிலப்பட்டா இல்லை. ஆனால் எந்த ஓடையில் எந்த மீன், எந்த மரத்தில் எந்தப் பறவை, கோவில் ஆலமரத்தை நட்டவர் யார், முதல் கிணற்றைத் தோண்டியவர் யார் என்ற அறிவு நம் பெரியவர்களிடம் இருக்கிறது. அவர்களோடு அது போய்விட்டால், நாளை யாராவது வந்து இங்கே என்ன இருந்தது என்று கேட்கும்போது சொல்ல நம்மிடம் ஒன்றும் இருக்காது.

ஆகவே மாணவர்களே, இந்த வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாட்டியிடமோ தாத்தாவிடமோ உட்கார்ந்து, உங்கள் தோட்டத்தில் அவர்கள் கண்ட மரம், பறவை, ஓடை ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். பெற்றோர்களே, பிள்ளை வந்து கேட்கும்போது "அதெல்லாம் எதுக்கு?" என்று சொல்லிவிடாதீர்கள். தொலைக்காட்சியைச் சற்று நேரம் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். அடுத்த முறை கடற்பாலத்தைக் கடக்கும்போது, கீழே இருக்கும் கல்லை அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.