அருப்புக்கோட்டையிலிருந்து இலங்கைக்கு ஒரு பெண்கள் அமைதிக் குழு: போக முடியுமா? என்னென்ன ஏற்பாடு வேண்டும்?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் மானாவாரிக் காட்டில் பருத்தி எடுக்கும், கரிமூட்டத்தில் வேலை பார்க்கும் பெண்களுக்கு 'சர்வதேச அமைதிக் குழு' என்பது டெல்லிக்காரர்கள் சமாச்சாரமாகத் தோன்றலாம். ஆனால் இதே விருதுநகர் மாவட்டத்தில்தான் குல்லூர்சந்தை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. போர் 2009-ல் முடிந்தது. ஊர் திரும்புவதா, இங்கேயே இருப்பதா என்ற கேள்வி மட்டும் இன்னும் முடியவில்லை. இந்தப் பக்கத்துப் பெண்கள் சிலர் குழுவாக இலங்கைக்குப் போய் நிலைமையைப் பார்த்து வர நினைத்தால் என்ன செய்ய வேண்டும்?

அமைதிக் குழு என்றால் என்ன?

இது அரசு அனுப்பும் தூதுக்குழு இல்லை. ஒப்பந்தம் போடும் அதிகாரமும் கிடையாது. நேரில் பார்ப்பது, பாதிக்கப்பட்டவர்கள் சொல்வதைக் கேட்பது, அதை இரு பக்கமும் கொண்டு போய்ச் சேர்ப்பது. வேலை அவ்வளவுதான்.

இதற்கு முன் யார் போயிருக்கிறார்கள்?

கார்கில் போர் முடிந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், 2000 மார்ச்சில் நிர்மலா தேஷ்பாண்டே தலைமையில் இந்தியப் பெண்கள் டெல்லியிலிருந்து லாகூருக்குப் பேருந்தில் போனார்கள். சில வாரங்களில் ஆஸ்மா ஜஹாங்கிர் தலைமையில் பாகிஸ்தான் பெண்கள் டெல்லிக்கு வந்தார்கள். ஒரு தரப்பு போனதோடு நிற்காமல், மறுதரப்பும் பதிலுக்கு வந்ததுதான் இதில் முக்கியம்.

2015 மே 24 அன்று 30 பெண்கள் வட கொரியாவிலிருந்து தென் கொரியாவுக்கு எல்லை தாண்டினார்கள். அதற்கு இரண்டு கொரிய அரசுகளின் சம்மதமும் தேவைப்பட்டது. பன்முன்ஜோம் வழியாக நடந்து கடக்க நினைத்தார்கள். அது கிடைக்கவில்லை. வேறு பாதையில் பேருந்தில் கடந்தார்கள். மாற்று வழி யோசித்து வைக்காமல் கிளம்பக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இலங்கையில் என்ன நடந்தது?

2002 பிப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது. பேச்சுவார்த்தையில் பெண்களின் குரலும் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அதன் பிறகு பெண்கள் பிரச்சினைகளுக்காகத் தனித் துணைக்குழு அமைந்தது. அரசு தரப்பில் 5 பேர், விடுதலைப் புலிகள் தரப்பில் 5 பேர். எல்லோரும் பெண்கள். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடி, மீள்குடியேற்றம், பாதுகாப்பு, வாழ்வாதாரம் போன்றவற்றைப் பேச முடிவு செய்தார்கள். ஏப்ரலில் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. துணைக்குழுவும் அதோடு முடங்கியது.

சரி, யார் போவது?

சிக்கலே இங்கேதான். ஆங்கிலம் பேசும் நான்கு பேரை அனுப்பிவிடலாம். ஆனால் கேள்வி யாருடையதோ அவர்கள் போவது கஷ்டம். முகாமில் இருப்பவர்களிடம் இந்திய பாஸ்போர்ட் இல்லை. இலங்கைத் துணைத் தூதரகத்திடம் பயண ஆவணம் வாங்க வேண்டும். இந்தியாவை விட்டு வெளியேறவும் அனுமதி தேவை. போனால் மறுபடி இங்கே வர முடியும் என்ற உறுதியும் இல்லை. அதனால் 'சும்மா பார்த்துட்டு வர்றேன்' என்று ஒரு முகாம் பெண்ணால் கிளம்ப முடியாது.

ஆகவே போகிற குழு முதலில் முகாமில் உட்கார்ந்து கேட்க வேண்டும். காணி இப்போது யார் கையில் இருக்கிறது? முகாமில் பிறந்த பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமைப் பதிவு எப்படி? பள்ளியில் எந்த வகுப்பில் சேர்ப்பார்கள்? இப்படிப்பட்ட கேள்விகளைப் பட்டியல் போட்டு எடுத்துப் போனால்தான் பயணத்துக்கு அர்த்தம்.

பாஸ்போர்ட், அனுமதி, பணம்?

* விருதுநகர் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. போலீஸ் சரிபார்ப்புக்கும் சேர்த்து நாள் ஒதுக்குங்கள்.
* விசாவில் சொன்ன காரணமும் அங்கே செய்யும் வேலையும் ஒன்றாக இருக்க வேண்டும். விதிகள் அடிக்கடி மாறும். டிக்கெட் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.
* அரசு ஊழியர் யாராவது குழுவில் இருந்தால் துறை அனுமதி வேண்டும். செலவை வெளிநாட்டு அமைப்பு ஏற்றால், எஃப்.சி.ஆர்.ஏ சட்டம் 2010, பிரிவு 6-ன்படி மத்திய அரசின் முன் அனுமதியும் அவசியம். எம்.பி., எம்.எல்.ஏ.க்கள், கட்சிப் பொறுப்பாளர்களுக்கும் இதே விதிதான்.

அங்கே எதில் கவனம் தேவை?

குழு நான்கு நாளில் திரும்பிவிடும். பேசியவர்கள் அங்கேயேதான் இருப்பார்கள். அதனால் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. பெயர், ஊர் போட வேண்டாம் என்றால் போடக் கூடாது. தமிழ்ப் பெண்களை மட்டும் பார்த்துவிட்டு வராமல் முஸ்லிம், சிங்களப் பெண்களையும் சந்திக்க வேண்டும். சிங்கள மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும்.

திரும்பி வந்த பிறகு?

பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். அறிக்கை கொழும்புக்கும் டெல்லிக்கும் போவது இருக்கட்டும். கேள்வி கொடுத்த பெண்களுக்கு முதலில் பதில் போக வேண்டும். எதற்குப் பதில் கிடைத்தது, எதற்குக் கிடைக்கவில்லை என்று முகாமில் உட்கார்ந்து தமிழில் சொல்ல வேண்டும். ஊர் திரும்புவதா வேண்டாமா என்று ஒரு குடும்பம் முடிவெடுக்க அந்தத் தகவல்தான் உதவும். அந்த நாளையும் பயணத் திட்டத்திலேயே எழுதி வைப்பது நல்லது.