கரும்பலகையும் பட்டறையும்: உயர்நிலைப் பள்ளிகளில் தொழில்நுட்ப வரைதல், 1795–1953

1870 மே 16 அன்று அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலம் வரைதலைப் பொதுப்பள்ளிப் பாடமாக்கிச் சட்டம் இயற்றியது. 10,000 பேருக்கு மேல் வாழும் நகரங்கள் 15 வயது கடந்தவர்களுக்குத் தொழில்சார் வரைதலை இலவசமாகக் கற்றுத்தர வேண்டும் என்றும் அது விதித்தது. இதற்காக முந்தைய ஆண்டு மனுக் கொடுத்தவர்கள் அம்மாநிலத்துத் தொழிலதிபர்களும் வணிகர்களும். ஐரோப்பியச் சரக்கோடு போட்டியிட, வரையத் தெரிந்த தொழிலாளர்கள் அவர்களுக்குத் தேவைப்பட்டார்கள். ஆனால் சட்டத்தால் பாடம் வந்துவிடும்; திறன் வந்துவிடாது. பள்ளியில் வரைதல் எந்தப் பாடத்தோடு சேர்த்து வைக்கப்பட்டதோ, அதைப் பொறுத்தே மாணவர் கற்றது அமைந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

கற்பிக்க வேண்டிய அறிவு அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே பொதுவெளிக்கு வந்திருந்தது. பிரெஞ்சுக் கணித அறிஞர் காஸ்பார் மோன்ஷ், மெசியேர் இராணுவப் பொறியியல் பள்ளியில் கோட்டை அமைப்புக் கணக்குகளை நீண்ட எண்கணிதம் இல்லாமல் வரைந்தே தீர்க்கும் வழியைக் கண்டார். அது இராணுவ இரகசியமாகவே இருந்தது. புரட்சிக்குப் பின் 1795இல் பாரிஸின் எக்கோல் நார்மாலில் அதை அவர் வெளிப்படையாகப் போதித்தார். பிரான்ஸ் அந்நியத் தொழில்களைச் சார்ந்திருப்பது ஒழிய வேண்டுமானால் கைவினைஞர்களும் இதைக் கற்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

அந்த முறையின் சாரத்தை ஒரு மரக்கட்டையில் பார்த்துவிடலாம். கட்டையின் மேற்பக்கத்திலிருந்து பாதி ஆழம் வரை வட்டத் துளை போட்டிருக்கிறது. மேலிருந்து பார்க்கும் படத்தில் துளை ஒரு முழு வட்டம். அதற்குக் கீழே வரையும், முன்னிருந்து பார்க்கும் படத்தில் துளையே தெரியாது. அதன் இரு ஓரங்களையும் அடிமட்டத்தையும் விட்டுவிட்டு வரும் சிறு கோடுகளால் காட்ட வேண்டும். அந்த ஓரக் கோடுகள் வட்டத்தின் இரு ஓரங்களுக்கும் நேர் கீழே விழ வேண்டும். அப்படி விழுகிறதா என்று பார்க்கும் மாணவன் கண்ணுக்குத் தெரியாத பகுதியையும் மனத்தால் பார்க்கப் பழகுகிறான். இந்தப் பாடத்தின் உயிர் அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

மாசச்சூசெட்ஸ் தேர்ந்த பாதை வேறு. 1871இல் இங்கிலாந்தின் லீட்ஸிலிருந்து கலை ஆசிரியர் வால்டர் ஸ்மித் அழைத்து வரப்பட்டார். இலண்டன் சவுத் கென்சிங்டன் கலைப்பள்ளியின் முறையில் பயின்றவர் அவர். எழுதக் கற்கும் எவரும் வரையவும் கற்கலாம் என்பது அவருடைய அசையாத நம்பிக்கை. நூறாயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்த நம்பிக்கை அது என்றே நான் கருதுகிறேன். தனி ஆசிரியர்கள் போதாததால் வகுப்பாசிரியர்களையே பழக்கினார். ஆசிரியர்களை உருவாக்க 1873இல் பாஸ்டனில் கலை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் தொடங்கப்பட்டது. வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் வரைய, பிள்ளைகள் பார்த்து வரைந்தார்கள். சொல்லச் சொல்ல வரைவதும் உண்டு: ஒரு செங்குத்துக் கோடு, அதைச் சமமாகப் பிரி, நடுவில் கிடைக்கோடு என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டே போவார். கை திருந்தியது, கோடு நேரானது. ஆனால் அந்தக் கோட்டின்படி எதையும் செய்துபார்க்க அந்த வகுப்பறையில் இடமில்லை. எழுத்துப் பயிற்சியின் அருகில் அமர்ந்த வரைதல், இன்னொரு எழுத்துப் பயிற்சியாகவே ஆயிற்று.

மாற்று வழி மாஸ்கோவிலிருந்து வந்தது. அங்குள்ள பேரரசுத் தொழில்நுட்பப் பள்ளியின் இயக்குநர் விக்தர் தெல்லா-வோஸ், தச்சு, கடைசல், கொல்லுவேலை ஆகியவற்றைச் சிறுசிறு பயிற்சிகளாகப் பிரித்து, எளியதிலிருந்து கடினமானதுக்கு வரிசைப்படுத்தினார். 1876இல் பிலடெல்பியா நூற்றாண்டுக் கண்காட்சியில் அந்தப் பயிற்சி மாதிரிகளைக் கண்ட எம்.ஐ.டி. தலைவர் ஜான் ரங்கிள், அதே ஆண்டு தம் நிறுவனத்தில் பட்டறைக் கல்வியைத் தொடங்கினார். செயின்ட் லூயிஸில் கல்வியாளர் கால்வின் உட்வர்ட் 14 வயது நிரம்பிய சிறுவர்களுக்காக நிறுவிய மூன்றாண்டுக் கைத்தொழில் பயிற்சிப் பள்ளி 1880இல் திறக்கப்பட்டது. கணிதம், அறிவியல், மொழி ஆகியவற்றோடு அங்கே நாள்தோறும் ஒரு மணி நேரம் வரைதல், இரண்டு மணி நேரம் பட்டறை. படத்தில் ஓர் அளவு தவறினால் மரத்தில் இணைப்பு பொருந்தாது. அங்கே பிழையைக் காட்டித்தர ஆசிரியரின் சிவப்பு மை தேவைப்படவில்லை. வரைதல் உயர்நிலைப் பள்ளியில் முழுமை பெற்ற இடம் இதுவே என்பேன்.

இந்தியாவின் நிலையை இதோடு ஒப்பிடலாம். ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு (1952–53) பல்நோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. அதன் தொழில்நுட்பப் பிரிவில் பயன்முறைக் கணிதமும் வடிவியல் வரைதலும் சேர்ந்து ஒரே பாடம்; பயன்முறை அறிவியல், இயந்திரப் பொறியியல் அடிப்படை, மின் பொறியியல் அடிப்படை ஆகியவை தனித்தனிப் பாடங்கள். இவை தவிர எல்லா மாணவர்க்கும் ஒரு கைத்தொழில் கட்டாயம். பட்டறைக்கு இடம் தந்த திட்டம்தான் அது. இருந்தும் வரைதலைக் கணிதத்தின் பக்கத்தில் அமர்த்தியது. தச்சு மேசைக்கும் வரைபலகைக்கும் நடுவே பாலம் போடும் வேலையை அந்தப் பாட அமைப்பு செய்யவில்லை. அது அந்தந்தப் பள்ளியின் ஆசிரியர் தலையில் விழுந்தது.