சுவரில் எழுதப்பட்ட பெயர்: விக்டர் சோய்

1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி லத்வியாவில் ஒரு கார் எதிரே வந்த பஸ்ஸில் மோதியது. காரை ஓட்டியவர் அந்த இடத்திலேயே இறந்துபோனார். வயது 28. பெயர் விக்டர் சோய். சோவியத் இளைஞர்கள் கொண்டாடிய 'கினோ' என்ற ரொக் இசைக்குழுவின் பாடகர். பாட்டுகளை எழுதியவரும் அவர்தான்.

செய்தி பரவியதும் மொஸ்கோவின் அர்பாத் தெருப் பக்கம் ஒரு சுவரில் யாரோ அவருடைய மரணத்தை எழுதிவைத்தார்கள். அதற்குக் கீழே இன்னொரு கை எழுதியது: "சோய் உயிரோடு இருக்கிறார்." அண்டைக்குத் தொடங்கின எழுத்து இன்னும் நிக்கவில்லை. ஒருமுறை சுவருக்குப் பெயின்ட் அடித்து எல்லாவற்றையும் மறைத்தார்கள். ரசிகர்கள் திரும்ப எழுதினார்கள்.

ஒரு பாடகரை ஏன் இவ்வளவு பிடிவாதமாக நினைவில் வைத்திருக்க வேண்டும்?

சோய் 1962இல் லெனின்கிராட்டில் பிறந்தவர். தாய் ரஷ்யர், தகப்பன் கொரியர். 1937இல் ஸ்டாலின் அரசு தூரகிழக்கில் வாழ்ந்த சுமார் 1,70,000 கொரியர்களை ரயில்களில் ஏற்றி மத்திய ஆசியாவுக்கு அனுப்பியது. தகப்பனின் குடும்பம் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தது. இடம்பெயர்வு என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அந்த நாட்டில் இசைத்தட்டு வெளியிட ஒரே ஒரு அரச நிறுவனம்தான் இருந்தது, பெயர் 'மெலோடியா'. ரொக் பாடுற பெடியளுக்கு அதன் கதவு லேசில் திறக்காது. அதனால் ஒருவர் பதிந்ததை இன்னொருவர் தன்னுடைய டேப்பில் பிரதி எடுப்பார், அதிலிருந்து மற்றொருவர் எடுப்பார். கினோவின் முதல் அல்பமான '45' 1982இல் வந்தது. அதுவும் அப்படித்தான் கைமாறிக் கைமாறி ஊரெல்லாம் போனது. விளம்பரமும் இல்லை, கடையும் இல்லை.

வேலை இல்லாமல் இருப்பதே அங்கே சட்டப்படி குற்றம். எனவே சோய் ஒரு கட்டடத்தின் கொதிகலன் அறையில் நிலக்கரி அள்ளிப் போட்டார். 'கம்சாத்கா' என்று அழைக்கப்படும் அந்த அறை இப்ப ஒரு நினைவிடம்.

1987இல் வந்த 'அஸ்ஸா' படத்தின் கடைசிக் காட்சியில் சோய் தன்னுடைய 'மாற்றங்கள்' பாட்டைப் பாடுவார். கொர்பச்சேவின் சீர்திருத்தக் காலம் அது. ஒரு தலைமுறையே அதைத் தன்னுடைய பாட்டாக எடுத்துக்கொண்டது. இத்தனைக்கும் அந்தப் பாட்டில் எந்தத் தலைவரின் பெயரும் இல்லை, கட்சியும் இல்லை. அதனால்தானோ என்னவோ, அதுக்கு வயசே போகவில்லை.

2020 ஆகஸ்ட்டில் பெலாரஸ் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு மின்ஸ்க் நகரில் ஒரு அரச நிகழ்ச்சி நடந்தது. ஒலிபெருக்கிக்குப் பொறுப்பாக இருந்த இரண்டு பேர் திடீரென்று 'மாற்றங்கள்' பாட்டைப் போட்டுவிட்டார்கள். கிடைத்தது பத்து நாள் சிறை. பாடினவர் செத்து 30 வருசம், ஆனாலும் அரசு அந்தப் பாட்டுக்குப் பயந்தது. பிறகு நடந்த ஆர்ப்பாட்டங்களில் சனம் அதையே பாடிக்கொண்டு நடந்தது.

இன்னொரு பக்கம், 2014இல் ஒரு ரஷ்ய நாடாளுமன்ற உறுப்பினர் சோயின் பாட்டுகள் சி.ஐ.ஏ. எழுதிக் கொடுத்தவை என்றார். சிரிப்பு வரும். ஆனால் யோசிச்சுப் பாருங்கோ: ஒரு கொதிகலன் தொழிலாளி தானாகவே அப்படி யோசித்திருப்பான் என்பதை ஏற்றுக்கொள்ள அதிகாரத்துக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது!

செத்த கலைஞர்களுக்குச் சிலை வைப்பது லேசு. சிலை வைத்த பிறகு அவர்களுடைய பாட்டுக்கு வாய் இருக்காது. சோயைக் காப்பாற்றியவர்கள் வேற ஆக்கள்: டேப் பிரதி எடுத்த பெடியள், சுவரில் திரும்பத் திரும்ப எழுதிய கைகள், மின்ஸ்க்கில் பொத்தானை அழுத்திய அந்த இரண்டு பேர். ஒரு கலைஞனுக்கு மரியாதை செய்வதென்றால், அவன் பாட்டை அது தேவைப்படுகிற இடத்தில் சத்தமாகப் போடுவதுதான்.