தகரம் இல்லாத தகரக் கூரை

இராதாபுரம் வட்டாரத்தில் பனையோலைக் கூரையை இறக்கிவிட்டுத் தகரம் போடும் குடும்பத்துக்கு அது சிறு செலவன்று. ஆனால் உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் அத்தகடு விரைவில் துருவேறிப் பொத்தலாவதும் உண்டு. இதன் காரணத்தை அறிய, முதலில் அதன் பெயரையே ஐயுற வேண்டும். தகரம் என்றால் வெள்ளீயம். கூரைத் தகட்டில் வெள்ளீயமே இல்லை. இரும்பும் அதன்மேல் பூசிய துத்தநாகமுமே இருக்கின்றன.

ஒரு தாளை இரு புத்தகங்களுக்கிடையே பாலமாக வையுங்கள், தொய்ந்துவிடும். அதையே விசிறிபோல் மடித்து வைத்தால் ஒரு பென்சிலைத் தாங்கும். நெளிதகட்டின் வலிமை இதுதான். இலண்டன் துறைமுகப் பொறியாளர் ஹென்றி ராபின்சன் பாமர் 1829இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வலிமை கிடைத்தது, துரு போகவில்லை.

துருவுக்கான விடையோ ஐந்தாண்டுகளுக்கு முன்பே, கப்பலின் அடியில் கிடைத்திருந்தது! கடல்நீர் அரித்த செம்புத் தகடுகளைக் காக்க, ஹம்ப்ரி டேவி 1824இல் அவற்றோடு துத்தநாகம், இரும்புத் துண்டுகளை இணைத்துப் பார்த்தார். இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டு உப்புநீரில் நனைந்தால் அது ஒரு மின்கலம். எலெக்ட்ரானை எளிதில் இழக்கும் உலோகம் கரைகிறது, மற்றது தப்புகிறது. செம்பு தப்பியது. ஆனால் கரையும் செம்பின் நஞ்சு இல்லாமற்போகவே, கப்பலடியில் சிப்பிகள் குடியேறிவிட்டன. பாவம் டேவி!

1837இல் பிரான்சின் ஸ்டனிஸ்லாஸ் சொரெல், இரும்பை உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். தவளைக் காலில் மின்சாரம் கண்ட கால்வானியின் பெயரால் அது ‘கால்வனைசிங்’ ஆயிற்று. கால்வானி 1798லேயே மறைந்துவிட்டார்.

இத்தகட்டில் கீறல் விழுந்தால் துத்தநாகம் கரைந்து இரும்பைக் காக்கும். உண்மையிலேயே தகரம் பூசியிருந்தால் நடப்பது நேர்மாறு: இரும்பு கரைந்து தகரத்தைக் காக்கும்!

துத்தநாகம் இருக்கும்வரைதான் காவல். ‘275’ தரத் தகட்டில் சதுர மீட்டருக்கு, இருபுறமும் சேர்த்து, 275 கிராம் பூச்சு உண்டு. ஒருபுறம் அதன் கனம் ஏறக்குறைய 0.02 மில்லிமீட்டர். சாதாரணக் காற்றில் அதன்மேல் கார்பனேட் படலம் படிந்து அரிப்பைத் தடுக்கும். கடற்காற்றின் உப்பு அப்படலத்தை நிலைக்கவிடாது. ஆகவே கடலோரத்தார் தகட்டின் கனத்தை மட்டுமல்ல, பூச்சின் எடையையும் கேட்க வேண்டும். 1972இல் அமெரிக்காவின் பெத்லகேம் ஸ்டீல் விற்பனைக்குக் கொண்டுவந்த, 55 விழுக்காடு அலுமினியம் கலந்த பூச்சு உப்புக்காற்றை இன்னும் நெடுநாள் தாங்குகிறது. வண்ணத் தகடாயினும் அடியில் என்ன பூச்சு என்று கேளுங்கள். நிறம் அதைச் சொல்லாது.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்றை இவ்வூரார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. கூரைமேல் காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. உள்ளிருக்கும் காற்று தகட்டை மேலே தள்ளுகிறது. இந்த இழுப்பு விளிம்புகளிலும் மூலைகளிலும் மிகுதி. அங்கே திருகுகளை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறும் விளிம்பின் வாய் காற்று வரும் மேற்கைப் பார்க்கக் கூடாது. துளையிட்டபின் இரும்புத் தூளை அன்றே பெருக்கிவிடுங்கள். ஈரம் பட்டால் அது துருப்பிடித்துப் பூச்சையும் கெடுக்கும்.

செம்புக் கம்பி எதுவும் கூரையைத் தொட்டுக் கிடக்கவும் வேண்டாம். டேவியின் கப்பலில் செம்பைக் காக்கத் துத்தநாகம் கரைந்ததுபோல, உங்கள் கூரையின் துத்தநாகமும் அக்கம்பியைக் காப்பதற்காகக் கரையத் தொடங்கும்.